கோதுமை ஊரிலிருந்து விம்பிள்டனுக்கு

கூயாங், மெல்பர்ன்

ஜனவரி மாதம் மெல்பர்னில் எங்கே போனாலும் டென்னிஸ் பேச்சுதான். டிராமில் பக்கத்து இருக்கைக்காரர் கைபேசியில் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருப்பார். மருந்துக்கடை வரிசையில் நிற்பவர்கள் முந்தின நாள் நள்ளிரவு தாண்டி முடிந்த ஆட்டத்தை அலசுவார்கள். என் அக்கா மகள் அந்த ஊரில்தான் குடியிருக்கிறாள். யார்ரா நதிக்கரை அரங்குகளுக்கு என்னை அழைத்துப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. எனக்கோ ஆஸ்திரேலியப் பூர்வகுடி டென்னிஸ் வீராங்கனை ஈவோன் கூலகாங் பிறந்து, வளர்ந்து, ஆடிய இடங்களைப் பார்க்க வேண்டும்.

"சித்தி, அதுக்கு நியூ சவுத் வேல்ஸ் உள்நாட்டுக்குள்ள போகணும். வெயில் நாப்பதைத் தாண்டும், பரவாயில்லையா?" என்றாள். மதுரையில் வளர்ந்தவளுக்கு நாற்பது டிகிரி என்ன புதுசா!

முதலில் கூயாங் போனோம். கிளென்ஃபெரி சாலையில் டிராமும் ரயிலும் ஒரே தரைமட்டத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகும் இடம் அது. கேட் விழுந்ததும் டிராம் பொறுமையாக நிற்கிறது. ரயில் கடகடவென்று கடக்கிறது. பிறகு டிராம் ஊர்ந்து தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்குகிறது. அதை ஒட்டியே இருக்கிறது பழைய டென்னிஸ் கிளப். 1972 முதல் 1987 வரை ஆஸ்திரேலிய ஓப்பன் இந்தப் புல்தரையில்தான் நடந்தது. குதிரை லாடம் போல வளைந்த கான்கிரீட் அரங்கு இன்னும் அப்படியே நிற்கிறது.

ஈவோன் ஒற்றையரில் வென்ற கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் 7. அவற்றில் 4 இந்த மண்ணில் கிடைத்தவை. 1974 இறுதி ஆட்டத்தில் கிறிஸ் எவர்ட்டை 7-6, 4-6, 6-0 என்று வென்றார். அந்தக் கடைசி 6-0 எனக்கு எப்போதும் வியப்பு. எதிர்முனையில் இருந்தவர் எளிதில் தளராத எவர்ட்! அடுத்த ஆண்டு நவ்ரதிலோவா, அதற்கடுத்த ஆண்டு செக் வீராங்கனை தோமனோவா. பிறகு 1977 டிசம்பரில் நான்காவது முறை. அந்த ஆண்டு மே மாதம்தான் அவருக்கு மூத்த பெண் குழந்தை பிறந்திருந்தது. ஏழு மாதக் கைக்குழந்தையோடு வந்து கோப்பையை எடுத்துப் போனார்.

கிளப்பில் எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் எங்களோடு பேச்சுக் கொடுத்தார். இளம்பெண்ணாக இருந்தபோது இங்கே வந்து ஈவோனைப் பார்த்திருக்கிறாராம். ஸ்கோரெல்லாம் அவருக்கு மறந்துபோயிருந்தது. "ஓடுகிற சத்தமே கேட்காது. பந்து போகும் இடத்துக்கு முன்னாலேயே போய் நின்றுகொண்டிருப்பாள். தோற்றாலும் சிரிப்பாள், அதுதான் எங்களுக்குக் கோபம் வரும்" என்றார். சொல்லிவிட்டு அவரும் சிரித்தார்.

மறுநாள் மெல்பர்ன் பார்க். சாம்பியன்களின் வெண்கலச் சிலைகள் வரிசையாக இருக்கும் தோட்டத்தில் ஈவோனும் இருக்கிறார். இதே வளாகத்தில் 1998இல் நம் கோவைப் பெண் நிருபமா வைத்தியநாதன் முதல் சுற்றில் வென்று, ஓப்பன் யுகத்தில் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அன்றைக்கு நாளேட்டில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அடுத்த வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டியது நினைவிருக்கிறது. வளாகத்தில் பெரிய அரங்குகளுக்கு ராட் லேவர் பெயரும் மார்கரெட் கோர்ட் பெயரும் இருக்கின்றன. ஈவோன் பெயரில் அந்த அளவுக்கு ஓர் அரங்கு இல்லை. 2020 ஜனவரியில் மார்டினா நவ்ரதிலோவாவும் ஜான் மெக்கன்ரோவும் இங்கேயே ஆடுகளத்தில் நின்று, 'ஈவோன் கூலகாங் அரங்கம்' என்று எழுதிய பதாகையைப் பிடித்தார்கள். ஒரே பாலினத்தவர் திருமணம் குறித்து மார்கரெட் கோர்ட் சொன்ன கருத்துகள்தான் அந்தப் போராட்டத்துக்குக் காரணம். அந்தச் சர்ச்சையை ஒதுக்கி வைத்தாலும்கூட, ஈவோனுக்கு இங்கே ஒரு பெரிய அரங்கு உரியது என்பதே என் முடிவு. அந்த முடிவுக்கு நான் வந்தது இந்தப் பயணத்தின் பிற்பகுதியில்.

முர்ரே ஆற்றுக்கு வடக்கே

டோகம்வால் ஊரில் முர்ரே ஆற்றைக் கடந்தால் நியூ சவுத் வேல்ஸ். அதன் பிறகு நிலம் தட்டையாகிவிடுகிறது. குன்று இல்லை, திருப்பம் இல்லை. டிசம்பரில் கோதுமை அறுத்து முடித்திருந்தார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெளிறிய தாள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே நம் ஊர்க் கணக்கில் ஒரு கிராமமே அடங்கும். இந்த ஆளில்லாத விரிவு முதலில் அழகாக இருந்தது, ஒரு மணி நேரத்தில் மனதை அழுத்த ஆரம்பித்தது. எங்கள் பக்கம் எவ்வளவு வறண்ட பூமியிலும் ஆடு மேய்க்கும் ஒருவராவது தலையில் துண்டோடு தென்படுவார்.

கொலியாம்பலி பக்கம் வந்ததும் காய்ந்த மஞ்சளுக்கு நடுவே திடீரென்று பச்சை. "நெல்லு சித்தி!" என்று அவள் வண்டியை ஓரங்கட்டினாள். நெல்லேதான். வாய்க்கால் நிறையத் தண்ணீர், வரப்பு, பாத்தி எல்லாம் உண்டு. ஆனால் நாற்றங்காலும் நடவும் கிடையாது. இயந்திரத்தால் விதைப்பது, விமானத்திலிருந்து தூவுவது என்று அவர்கள் வழி வேறு. மலையடிவார அணைகளிலிருந்து மரம்பிட்ஜி ஆற்றில் வரும் தண்ணீரைக் கால்வாய்களில் திருப்பி 1912 முதல் இந்தப் பகுதியில் பாசனம் நடக்கிறது. அணையில் தண்ணீர் குறைந்த ஆண்டில் ஒதுக்கீடு குறையும், நெல் பரப்பு சுருங்கும். மேட்டூர் திறக்கும் தேதிக்குக் காத்திருக்கும் டெல்டாக்காரர் யாரையாவது இங்கே கொண்டுவந்து விட்டால், மொழி தெரியாமலே பேசிக்கொள்வார்கள்.

இந்த ஆறு வீரஜூரி என்ற பூர்வகுடி மக்களுடையது. டார்லிங்டன் பாயிண்ட் பாலத்தில் இறங்கி நின்றோம். செந்நிறத் தண்டுள்ள பெரிய யூகலிப்டஸ் மரங்கள் இரு கரையிலும். 1880இல் இங்கே வாரங்கெஸ்டா என்ற மிஷன் தொடங்கப்பட்டது. வீரஜூரி மக்களைக் கூட்டிவந்து தங்கவைத்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு ஒரு தனி விடுதியும் இருந்தது. நிலம் போனபின் அவர்கள் பிழைப்பு ஆட்டு ரோமம் வெட்டுவது, பழம் பறிப்பது, வேலி போடுவது என்று பண்ணைக்குப் பண்ணை அலைவதாக ஆயிற்று. ஈவோனின் தந்தை கென்னி கூலகாங் ஆட்டு ரோமம் வெட்டுபவர். எட்டுப் பிள்ளைகள். ஈவோன் மூன்றாவது.

கிரிஃபித்

1951 ஜூலை 31 அன்று ஈவோன் பிறந்தது கிரிஃபித்தில். தலைநகர் கான்பெராவை வடிவமைத்த வால்டர் பர்லி கிரிஃபின் வரைந்த ஊர் இது, பெயரோ அன்றைய மாநிலப் பொதுப்பணி அமைச்சர் ஆர்தர் கிரிஃபித்துடையது. பாசனம் வந்ததும் இத்தாலியர்கள் வந்தார்கள். திராட்சை, ஆரஞ்சு, அத்தி என்று பயிரிட்டார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் பானா அவென்யூவில் இன்றும் கடை வைத்திருக்கிறார்கள். ஒரு பேக்கரியில் கத்திரிக்காயை மெல்லிசாகச் சீவி, பொரித்து, தக்காளிச் சாறும் பாலாடைக்கட்டியுமாக அடுக்கிச் சுட்ட பண்டம் ஒன்று சாப்பிட்டோம். கத்திரிக்காய்க்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் இன்னொரு இனம் இருக்கிறது என்று தெரிந்ததில் எனக்கு நிஜமான மகிழ்ச்சி.

ராத்திரிச் சாப்பாடு குருத்வாராவில். பஞ்சாபிகள் இங்கே நிறையப் பேர். பழத்தோட்டத்திலும் கோழிப்பண்ணையிலும் லாரியிலும் உழைக்கிறார்கள். தரையில் உட்கார்ந்து ரொட்டியும் பருப்பும் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பரிமாறிய பெரியவர் எங்கிருந்து வருகிறீர்கள், எதற்கு வந்தீர்கள் என்று விசாரித்தார். சொன்னேன். "அந்தப் பெண் ரொம்பப் பெரிய ஆள். ஆனால் இந்த ஊரில் பூர்வகுடிப் பிள்ளைகளோடு எங்கள் பிள்ளைகள் பழகுவது இப்போதுதான் கொஞ்சம் ஆரம்பித்திருக்கிறது" என்றார். அந்தப் பேச்சில் ஒளிவுமறைவு இல்லை.

ஈவோனின் வாழ்க்கையை 'சன்ஷைன் சூப்பர் கேர்ள்' என்ற நாடகமாக ஆண்ட்ரியா ஜேம்ஸ் எழுதி இயக்கினார். அவரும் ஒரு பூர்வகுடிப் பெண். 2020இல் அது முதன்முதலில் மேடையேறியது சிட்னியிலோ மெல்பர்னிலோ அல்ல, இந்தக் கிரிஃபித்தில். சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

பாரெல்லன்

கிரிஃபித்திலிருந்து கிழக்கே முக்கால் மணி நேரம். தூரத்திலிருந்தே தெரிவது தானியக் குதிர்கள். ரயில் பாதையை ஒட்டி வெள்ளையாக நெட்டுக்குத்தாய் நிற்கின்றன. ஒரு அகலமான கடைத்தெரு, ஒரு மதுக்கடை, ஒரு பள்ளிக்கூடம், சில நூறு பேர். பகல் பதினோரு மணிக்குத் தெருவில் நாய்கூட இல்லை.

பூங்காவுக்குள் நுழைந்தால் அந்த மட்டை. ஏறத்தாழ 14 மீட்டர் நீளம். ஈவோன் ஆடிய காலத்து டன்லப் மர மட்டையை இருபது மடங்கு பெரிதாக்கி, ஊரின் நூற்றாண்டை ஒட்டி 2009இல் வைத்திருக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு அவரே வந்தார். பக்கத்தில் ஆள் உயரத்துக்குக் கிட்ட ஒரு பந்து. ஆஸ்திரேலியாவில் பல ஊர்களில் இப்படிப் பெரிய வாழைப்பழம், பெரிய ஆடு என்று வேடிக்கைக்காகச் செய்து வைத்திருப்பார்கள். இதை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. பழைய பெட்டிப் பலகை ஒன்றை மட்டையாக வைத்துச் சுவரில் பந்தடித்த பிள்ளைக்கு, ஊர் திருப்பிக் கொடுத்த மட்டை இது.

கூலகாங் குடும்பம்தான் அன்று பாரெல்லனில் இருந்த ஒரே பூர்வகுடிக் குடும்பம். ஊர் டென்னிஸ் கிளப்பின் வேலிக்கு வெளியே நின்று, கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தைப் பார்ப்பது சிறுமி ஈவோனின் வழக்கம். பில் குர்ட்ஸ்மன் என்ற ஊர்க்காரர் அதைக் கவனித்தார். உள்ளே வந்து ஆடு என்று கூப்பிட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. ஆனால் 1950களின் ஆஸ்திரேலியாவில் பல ஊர்களில் பூர்வகுடிப் பிள்ளைகளை நீச்சல் குளத்துக்குள்கூட விடவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த அழைப்பின் எடை புரியும்.

ஆடுகளத்துப் பக்கம் நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது, தொப்பியும் தூசி படிந்த பூட்ஸுமாக ஒரு விவசாயி வண்டியை நிறுத்தி என்ன வேண்டும் என்று கேட்டார். விஷயம் சொன்னதும் வீட்டுக்கு அழைத்துப் போனார். அவருடைய மனைவி சாக்லேட்டில் தோய்த்துத் தேங்காய்த் துருவலில் புரட்டிய லாமிங்டன் கேக்கும் தேநீரும் கொண்டுவந்து வைத்தார். தேங்காய் பார்த்ததும் எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. அந்த மனிதர் உள்ளறையிலிருந்து தன் அம்மாவின் பழைய மர மட்டையை எடுத்துவந்தார்.

அதை நிதானமாகப் பார்த்தேன். மட்டையின் தலைப்பகுதி ஒரு மரச்சட்டத்துக்குள் மாட்டியிருந்தது. சட்டத்தின் நான்கு மூலையிலும் காது வைத்த திருகாணிகள். ஈரக்காற்றிலும் வெயிலிலும் மரம் நெளிந்துவிடாமல் இருக்க, ஆடி முடித்ததும் இப்படிப் பூட்டி வைப்பார்களாம். திருகாணிகளைக் கழற்றி என் கையில் கொடுத்தார். இன்றைய மட்டைகளோடு பார்த்தால் நல்ல கனம், தலையோ சின்னது. மெல்லிய மரப்பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வளைத்திருப்பது விளிம்பில் வரி வரியாகத் தெரிந்தது. பிடித் தோல் வியர்வையில் கறுத்து, கட்டைவிரல் இருக்கும் இடத்தில் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. நடு நரம்புகளில் படாமல் பந்து சற்றே விலகிப் பட்டாலும் மட்டை கையிலேயே திரும்பிவிடும். இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு ஈவோன் ஒரு கையாலேயே பேக்ஹேண்ட் அடித்தார்; வலைக்கருகே ஓடிவந்து பந்து தரை தொடுமுன் திருப்பினார். அவர் ஆட்டத்தை வர்ணிப்பவர்கள் எல்லாரும் 'நளினம்' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். மட்டையைத் தூக்கிப் பார்த்தபோது அந்த நளினத்துக்குப் பின்னால் மணிக்கட்டில் எவ்வளவு வலு வேண்டும் என்று தெரிந்தது.

"அவர் சிட்னிக்குப் போக ஊரே காசு போட்டது. துணிமணி, பெட்டி எல்லாம் வாங்கிக் கொடுத்தார்கள். என் அம்மாவும் கொடுத்திருக்கிறார்" என்றார் அந்த விவசாயி. பெருமையாகச் சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. பிறகு சற்று நேரம் கழித்து, கேட்காமலே இன்னொன்றும் சொன்னார்: "எல்லா ஊரும் இப்படி இருக்கவில்லை. எங்கள் ஊரும் இன்னொரு குடும்பம் வந்திருந்தால் எப்படி நடந்திருக்குமோ, என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது."

ஈவோன் தன் பிள்ளைப் பருவத்தைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லும் நினைவு ஒன்று உண்டு. மண் சாலையில் புதிய கார் ஏதாவது வந்தால், அம்மா பிள்ளைகளை ஒளிந்துகொள்ளச் சொல்வாராம். அரசாங்கத்து ஆள் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்ற பயம். பிள்ளையை அடக்க நாம் சொல்லும் பூச்சாண்டிக் கதை அல்ல அது. அந்த ஆள் நிஜமாகவே இருந்தான். பிள்ளைகளைக் கொண்டுபோய் வைத்த இடமும் இருந்தது. எங்கள் அடுத்த ஊர் அதுதான்.

கூட்டமண்ட்ரா

வழியில் ஆர்ட்லெதனில் கெல்பி நாய்க்கு ஒரு சிலை இருக்கிறது. அந்த ஆட்டு நாய் இனத்தின் பிறப்பிடம் தங்கள் ஊர் என்று பெருமை. டெமோராவில் காபி. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கூட்டமண்ட்ரா. தட்டை நிலம் முடிந்து மேடும் பள்ளமுமாகப் பூமி அசைய ஆரம்பிக்கிறது. மஞ்சள் பூப்பூக்கும் அழகான வேல மர வகை ஒன்று இந்த ஊர்ப் பெயரைத் தாங்கி உலகமெங்கும் போயிருக்கிறது. கிரிக்கெட் ரசிகர்களுக்கோ இது டான் பிராட்மன் 1908இல் பிறந்த ஊர். அந்தச் சின்ன மரவீட்டை அருமையாகப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனபோதும் ஓர் இந்தியக் குடும்பம் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது.

அதே ஊரில் மேட்டின் மேல் இன்னொரு கட்டடம். முதலில் மருத்துவமனையாக இருந்தது. 1910களின் தொடக்கம் முதல் 1960களின் இறுதி வரை பூர்வகுடிப் பெண் பிள்ளைகளுக்கான வீட்டு வேலைப் பயிற்சி இல்லம். நியூ சவுத் வேல்ஸ் முழுவதிலிருந்தும் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட சிறுமிகள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். சமையல், துவையல், பெருக்கித் துடைத்தல் சொல்லிக்கொடுத்தார்கள். பதினான்கு வயது வாக்கில் வெள்ளையர் வீடுகளுக்கும் பண்ணைகளுக்கும் வேலைக்காரிகளாக அனுப்பினார்கள். தாய்மொழி பேசக் கூடாது. உறவுகளை மறக்க வேண்டும். இதையெல்லாம் நடத்திய அரசு வாரியம் 1969இல்தான் கலைக்கப்பட்டது. 1997இல் வெளியான விசாரணை அறிக்கை இந்தக் கொடுமையை நாட்டின் முன் வைத்தது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

கட்டடத்தின் முன் இருவரும் அதிகம் பேசவில்லை. எனக்குள் ஒரு கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. ஈவோன் நிரந்தரமாகச் சிட்னிக்குக் கிளம்பியது 1960களின் நடுவில், பதினான்கு வயதை ஒட்டி. இந்த இல்லம் அப்போது இயங்கிக்கொண்டிருந்தது. அதே வயது, அதே மாநிலம், அதே இனத்துப் பெண் பிள்ளைகள் இங்கிருந்து வேலைக்காரிகளாகப் போனார்கள். தந்தை கென்னியும் தாய் லிண்டாவும் மகளைத் தாங்களே அனுப்பி வைத்தார்கள். மகளுக்கும் போக ஆசை இருந்தது. விடுமுறைக்கு வீடு திரும்ப வழி இருந்தது. இங்கே இருந்த பிள்ளைகளின் பெற்றோர் பறிகொடுத்தார்கள். ஈவோனின் வெற்றியை 'ஏழைப் பெண்ணின் சாதனை' என்று எழுதும் கட்டுரைகள் நிறையப் படித்திருக்கிறேன். ஏழ்மை இதில் பாதிகூட இல்லை. தப்பித்தல்தான் முதல் சாதனை; அதைச் செய்தவர் சாலையைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகளை வளர்த்த அவருடைய அம்மா.

பிராட்மன் வீட்டுக்கு வழிகாட்டும் பலகைகள் ஊரெங்கும் கண்ணில் பட்டன. மேட்டுக் கட்டடத்துக்கு நாங்கள் விசாரித்துத்தான் போக வேண்டியிருந்தது.

சிட்னி

விக் எட்வர்ட்ஸ் சிட்னியில் பெரிய டென்னிஸ் பள்ளி நடத்தியவர். ஊர் ஊராகப் பயிற்சி முகாம் நடத்தப் போன அவருடைய உதவியாளர்கள், பாரெல்லனில் ஒரு சிறுமி இருக்கிறாள் என்று தகவல் சொல்ல, அவரே நேரில் வந்து பார்த்தார். ரோஸ்வில் பகுதியில் தன் வீட்டிலேயே தங்கவைத்து, வில்லோபி பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தார். பயிற்சியாளர், மேலாளர், சட்டப்படி பாதுகாவலர் மூன்றும் அவரே. பிற்காலத்தில் அந்த உறவு கசந்து பிரிவில் முடிந்தது. ரோஸ்வில் தெருக்களில் நடந்தோம். வெட்டிச் சீர் செய்த வேலிச்செடி, செங்கல் வீடுகள், நிழல் விழும் பெரிய மரங்கள். எட்டுப் பிள்ளைகளில் ஒருத்தியாகக் கூச்சலும் சிரிப்புமாக வளர்ந்த ஒரு பெண், இந்த நிசப்தமான தெருவில் முதல் இரவை எப்படிக் கழித்தாளோ என்று தோன்றியது. படிப்பிற்காக வெளியூர் விடுதியில் போய் முதல் நாள் அழுதவர்களுக்கு அது விளங்கும்.

வைட் சிட்டி ஆடுகளங்கள் ரஷ்கட்டர்ஸ் பே பக்கம். 1954 டேவிஸ் கோப்பை இறுதிக்கு 25,578 பேர் கூடிய இடம். பழைய அரங்கின் சுவடு தேடித்தான் பார்க்க வேண்டும். 1971 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதி ஆட்டம் இங்கேதான். பத்தொன்பது வயது ஈவோன், மார்கரெட் கோர்ட்டிடம் 2-6, 7-6, 7-5 என்று போராடித் தோற்றார். சில மாதங்களில் கதை மாறியது. பாரிஸில் பிரெஞ்சு ஓப்பன் பட்டம். ஜூலை தொடக்கத்தில் விம்பிள்டன் இறுதி, எதிரே அதே மார்கரெட் கோர்ட், 6-4, 6-1. அந்த ஆண்டு விம்பிள்டனில் ஆண் சாம்பியனுக்கு 3,750 பவுண்ட் பரிசு, பெண் சாம்பியனுக்கு 1,800. ஈவோன் இந்தக் கோப்பையை ஏந்தியது, பூர்வகுடி மக்களையும் மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று ஆஸ்திரேலியர்கள் வாக்களித்த 1967க்கு நான்கே ஆண்டுகள் கழித்து.

அதன் பிறகு நேர்கோடாக எதுவும் போகவில்லை. விம்பிள்டன் இறுதியில் 1972, 1975, 1976 என மூன்று தோல்விகள். அமெரிக்க ஓப்பன் இறுதியில் 1973 முதல் 1976 வரை தொடர்ந்து நான்கு. 1974இல் தந்தை கென்னி கார் விபத்தில் இறந்தார். ஆட்டத்தின் நடுவே ஈவோன் கொஞ்சம் தளர்ந்தால் போதும். பூர்வகுடியினர் நினைத்த நேரத்தில் எழுந்து காட்டுப் பக்கம் போய்விடுவார்கள் என்ற பழைய ஏளனத்தை வைத்தே நாளேடுகள் அதை விளக்கின. எவர்ட் தோற்றால் எவர்ட் தோற்றார் என்பார்கள். ஈவோன் தோற்றால் அவருடைய இனத்தை இழுப்பார்கள். 1980இல் இதற்கெல்லாம் அவர் ஆட்டம் பதில் சொன்னது. விம்பிள்டன் அரையிறுதியில் டிரேசி ஆஸ்டினை வென்றார். இறுதியில் கிறிஸ் எவர்ட், 6-1, 7-6. முதல் விம்பிள்டன் பட்டத்துக்கு 9 ஆண்டுகள் கழித்து இரண்டாவது. 1914இல் டோரதியா லாம்பர்ட் சேம்பர்ஸ் வென்ற பிறகு, ஒரு தாய் விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்றது அதுவே முதல் முறை.

சிட்னியின் மேற்கே பெண்டில் ஹில்லில் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கொத்து ரொட்டி தட்டும் சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. பல நாள் ரொட்டியும் கேக்குமாக ஓட்டிய நாக்குக்கு அந்தக் காரம் தேவையாக இருந்தது. பணம் வாங்கும் மேசையில் இருந்தவரிடம் பேச்சுவாக்கில் எங்கள் பயணத்தைச் சொன்னாள் அக்கா மகள். "என்ர மகள் சனிக்கிழமையில ரெனிஸ் பழகப் போறவள். ஈவோனை அவளுக்கு நல்லாத் தெரியும் அக்கா, பள்ளிக்கூடத்திலயே படிப்பிச்சவை" என்றார். "எங்களுக்கும் ஊர் இல்லாமப் போனதுதானே. அந்தச் சனத்தின்ர கதை கேட்டா விளங்கும்." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, அடுத்த ஆள் பணத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

அந்த மகளின் வயதுப் பிள்ளைகளுக்கு ஈவோனோடு சேர்த்துத் தெரிந்த இன்னொரு பெயர் ஆஷ்லி பார்டி. ங்காரிகோ பூர்வகுடி வழி வந்தவர். ஈவோனின் முதல் விம்பிள்டன் வெற்றிக்குச் சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 2021இல், ஈவோன் அன்று அணிந்த வளைவு வளைவான கரை வைத்த உடையை ஒத்த உடையில் ஆடி விம்பிள்டனை வென்றார். 2022 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பனையும் வென்று, நாட்டின் 44 ஆண்டுக் காத்திருப்பை முடித்தார். யாரும் எதிர்பாராமல் ஆடுகளத்துக்குள் நடந்து வந்து கோப்பையை அவர் கையில் கொடுத்தவர் ஈவோன். பூர்வகுடிப் பிள்ளைகளை டென்னிஸ் வழியாகப் பள்ளிப் படிப்பில் நிறுத்திவைக்க ஈவோன் நடத்தும் முகாம்களும் அறக்கட்டளையும் பல ஆண்டுகளாக வேலை செய்கின்றன. கோப்பைகளுக்குச் சமமாக அந்த வேலையையும் வைத்துத்தான் அவரை அளக்க வேண்டும்.

1976 ஏப்ரலில் இரண்டு வாரம் ஈவோன் உலகின் முதல் நிலை ஆட்டக்காரர். தரவரிசைக் கணக்கில் சில தாள்கள் விடுபட்டுப் போனதால் அது அப்போது யாருக்கும் தெரியவில்லை, அவருக்கே தெரியவில்லை. 31 ஆண்டுகள் கழித்து, 2007 டிசம்பரில், கணக்கைத் திருத்தி அறிவித்தார்கள். மெல்பர்ன் பார்க்கில் ஓர் அரங்குக்கு அவர் பெயரைச் சூட்டவும் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஜனவரியில் டென்னிஸ் பார்க்க மெல்பர்ன் போகும் நம் ஆட்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டிருக்கிறார்கள். போகிறவர்கள் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு பாரெல்லன் வரை போய்வாருங்கள். திரும்பும் வழியில் கூட்டமண்ட்ராவில் பிராட்மன் வீட்டோடு நின்றுவிடாமல், அந்த மேட்டுக் கட்டடத்துக்கும் வழி விசாரித்துப் போங்கள்.